கேமரா கேள்வி–பதில்: எடுத்த படங்களை என்ன செய்வது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து வந்தவை அதிகம் என்பதால், பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கைபேசியில் எடுக்கும் அன்றாடப் படங்களைப் பற்றியும், எடுத்த பிறகு அவற்றைப் பாதுகாப்பது பற்றியும்தான் பெரும்பாலான கேள்விகள்.

வங்கிப் பணியில் மாற்றலாகிச் சென்னையிலிருந்து இங்கே வந்திருக்கிறேன். படமெடுக்கும் பழக்கம் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் போய் வந்தாயிற்று. வேலை முடிந்த மாலை நேரங்களில் இந்த ஊரில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?
— வாசகர், ராமநாதபுரம்

தனுஷ்கோடியை ஒரு நாளில் எடுத்து முடித்துவிடலாம். அரண்மனை வாசல் கடைத்தெருவை ஒரு வருடமானாலும் எடுத்து முடிக்க முடியாது. சுற்றுலா வந்தவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வெளிச்சம். ஊரில் குடியிருப்பவரோ அதே இடத்துக்கு நாளையும், மழை பெய்த மறுநாளும், மின்வெட்டு நேரத்திலும் போக முடியும். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, ஒரே கோணத்தில் நின்று, வெவ்வேறு நாட்களில் எடுத்துப் பாருங்கள். எதுவும் மாறவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த தெருவில் எவ்வளவு மாறுகிறது என்பதைப் படங்கள் காட்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, சூரியன் மறைந்த உடனே வரும் இருபது நிமிடங்கள்தான் கடைத்தெருவுக்கு உகந்தவை. அப்போது வானத்தின் நீல வெளிச்சமும் கடை விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் ஏறக்குறைய சம அளவில் இருப்பதால், டீ ஆற்றுகிறவரின் முகமும் தெரியும், அவருக்குப் பின்னே வானமும் கறுத்துப்போகாமல் நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு அந்திப் பொழுது குறுகியது. டீயைக் குடித்துவிட்டு எடுக்கலாம் என்று இருந்தால் வானம் இருண்டுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழகில்லை என்று நாம் ஒதுக்கும் பொருட்களைச் சட்டகத்துக்குள்ளேயே விட்டுவையுங்கள். டீக்கடை விலைப் பலகை, சினிமா சுவரொட்டி, பேருந்தின் ஊர்ப் பெயர்ப் பலகை, கடை வாசலில் அடுக்கிய பிளாஸ்டிக் குடங்கள் ஆகியவற்றை வெட்டிவிட்டால், அந்தப் படம் எந்த ஊர், எந்த ஆண்டு என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. பத்து ஆண்டு கழித்துப் பார்க்கும்போது, கோபுரத்தைவிட டீயின் விலைதான் முதலில் கண்ணில் படும். மாசி, பங்குனியில் ஊருக்கு வெளியே சென்றால் களங்களில் சிவப்பாகக் காய்கிற முண்டு மிளகாயைக் காணலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சக்கரக்கோட்டைக் கண்மாயில் பறவைகள் இருக்கும். அரண்மனையின் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் படமெடுக்காவிட்டாலும் ஒரு முறை நின்று பாருங்கள். சேதுபதிகளின் போரும் அந்தப்புர வாழ்வும் ஒரே கட்டிடத்தில் எப்படி வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது, படங்களை வரிசைப்படுத்தக் கற்றுக்கொள்கிறவருக்கு நல்ல பாடம்.

நான் கல்லூரி மாணவன். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் பாலத்தைத்தான் எடுக்கிறார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கும் பாலத்தில் எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. நான் எதை எடுப்பது?
— வாசகர், பாம்பன்

பாலத்தையே எடுங்கள், தம்பி. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து எடுங்கள். சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி எடுக்கப்படும் படம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, போக்குவரத்துக்கும் இடைஞ்சல். உங்கள் மொட்டை மாடியில் துணி காயும் கொடிக்குப் பின்னே தெரியும் பாலமும், வலை பொத்துகிற மாமாவின் தோளுக்கு அப்பால் தெரியும் பாலமும் வெளியூர்க்காரருக்குக் கிடைக்காது.

1914 பிப்ரவரி 24ஆம் தேதி திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. செங்குத்தாக மேலே எழும்பும் தூக்குப் பகுதியைக் கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழைய பாலம் இரு கைகளையும் உயர்த்துவதுபோல் நடுவில் பிளந்து கப்பலுக்கு வழிவிட்ட காட்சி எண்ணற்ற படங்களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தப் பாலத்தின் மீது மெதுவாக ஊர்ந்த பெட்டிக்குள் வாசற்படியில் அமர்ந்திருந்தவர்கள், கூடையோடு ஏறியவர்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்த பிள்ளைகள் ஆகியோரின் படங்கள் எத்தனை வீடுகளில் இருக்கும்? தினமும் போகிறவர்கள் தினமும் நடப்பதை எடுக்கவில்லை. புதிய பாலத்துக்கும் அது நேரக் கூடாது.

பாம்பனுக்கு வேறோர் அனுகூலமும் உண்டு. உங்களுக்கு இரண்டு கடல். கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் நிலைமை மாறிவிடும். ஒரே நாளில் இரு கரைகளிலும் நின்று எடுத்து, காற்றின் பெயரையும் படத்தோடு குறித்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுவதும், வர்ணம் பூசப்படுவதும், அந்த நாட்களிலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போய் வருவதும் முழு வரிசையாக எடுக்கத் தக்கவை. அவற்றை எடுக்கத் தக்க இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

மணலும் கடலும் படத்தில் அழுக்குச் சாம்பல் நிறமாக வருகின்றன என்று வேறு சில கடிதங்களும் குறைபட்டிருந்தன. கைபேசி எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெண்மணல் சட்டகத்தை நிரப்பினால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிடும். திரையைத் தொட்டதும் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்தினால் மணல் வெண்மையாகிவிடும்.

கைபேசியில் பல்லாயிரம் படங்கள் சேர்ந்துவிட்டன. இடமில்லை என்று தினமும் எச்சரிக்கை வருகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.
— ஆசிரியை, திருப்புல்லாணி

அழிப்பதில் தொடங்காதீர்கள். முதலில் இருப்பதையெல்லாம், குப்பையும் சேர்த்தே, ஒரு ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து வையுங்கள். அதன் பிறகு அழித்தால் கை நடுங்காது.

அடுத்து, எளிதானவற்றை முதலில் நீக்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகள், ரசீதுகள், குடும்பக் குழுக்களில் தாமரைப் பூவோடு வரும் காலை வணக்கங்கள் ஆகியவற்றை எடுத்தாலே பலருடைய சுமை பாதியாகிவிடும். வாட்ஸ்ஆப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டால் இந்தச் சுமை மறுபடியும் சேராது. (வணக்கம் சொல்பவர்களைத் திருத்த முடியாது, முயல வேண்டாம்.) பிறகு ஒரே காட்சியைப் பலமுறை எடுத்தவற்றுக்கு வாருங்கள். பிலிம் ரோலில் 36 படங்கள் மட்டுமே இருந்த காலத்தில் ஊட்டியில் தயாரான ‘இந்து’ (Indu) என்ற பெயர் கொண்ட பிலிமை வாங்கிப் போட்டவர்கள் பொத்தானை அழுத்தும் முன்பே தேர்ந்தெடுத்தார்கள். இப்போது அந்தத் தேர்வு எடுத்த பிறகு நடக்க வேண்டியிருக்கிறது. பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்த இருநூறு படங்களில் பதினைந்தை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும், கைபேசியில் வேண்டாம்.

அடுக்கும் முறை எளிமையாக இருந்தால்தான் தொடர்ந்து செய்வீர்கள். ஆண்டுக்கு ஒரு உறை (ஃபோல்டர்), அதற்குள் மாதத்துக்கு ஒரு உறை போதும். பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: ‘2025-04-06 பாம்பன் பாலத் திறப்பு’ என்பதுபோல. நாளை முன்னால் எழுதினால் கணினி ஜனவரி 6ஐயும் ஏப்ரல் 6ஐயும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். ஆண்டை முன்னால் எழுதினால் காலவரிசை தானாக அமையும். தமிழிலேயே பெயர் எழுதலாம், எந்தச் சிக்கலும் வராது. முகங்களை அடையாளம் கண்டு ஒன்றுசேர்க்கும் வசதி செயலிகளில் உண்டு என்றாலும், மூன்றாவது வரிசையில் நிற்பவர் உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா என்பதும், அந்த வீடு பிறகு விற்கப்பட்டது என்பதும் செயலிக்குத் தெரியாது. ஆகவே நிகழ்ச்சிக்கு ஒரு குறிப்பு, இரண்டு மூன்று வரிகளில், அன்றிரவே எழுதி உறையில் போட்டு வையுங்கள். படத்தை ஒழுங்குபடுத்துவது என்றால் பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து. மற்றதைச் செயலிகள் பார்த்துக்கொள்ளும்.

கூகுள் போட்டோஸ் பற்றி: 2021 ஜூன் 1 முதல் அங்கே இலவச வரம்பற்ற சேமிப்பு கிடையாது. ஜிமெயிலுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் 3,700 படங்களோடு அது நிறைந்துவிடும், காணொளிகள் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதைவிட முக்கியமானது, அது கைபேசியோடு இணைந்தே இயங்குகிறது என்பது. அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் இணையத்தில் உள்ள பிரதியும் குப்பைத் தொட்டிக்குப் போய், 60 நாட்களுக்குப் பிறகு மறைந்துவிடும். கைபேசியில் மட்டும் இடத்தை விடுவிக்க ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்றொரு தனி வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில். கைபேசியிலும் ஹார்டு டிஸ்கிலும் இருப்பதோடு, இன்னொரு ஹார்டு டிஸ்கை மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் உறவினர் வீட்டில் வைத்து, தீபாவளிக்குப் போகும்போது புதுப்பித்து வாருங்கள். புயல் கண்ட கடற்கரையில் வாழ்பவர்களுக்கு மூன்றாவது பகுதியின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

என் மச்சான் துபாயில் இருக்கிறார். பிள்ளைகளின் படங்களை நானும், அங்கே எடுத்த படங்களை அவரும் வாட்ஸ்ஆப்பில்தான் அனுப்பிக்கொள்கிறோம். பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டால் தெளிவில்லை. எந்தத் தேதியில் எடுத்தது என்றும் தெரியவில்லை.
— வாசகி, கீழக்கரை

வளைகுடா நாடுகளில் ஆண்கள் வேலை பார்க்கும் வீடுகள் நிறைந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் வியப்பில்லை. படமாக அனுப்பும்போது வாட்ஸ்ஆப் அதைச் சுருக்கிவிடுகிறது. அத்துடன் எடுத்த நேரம், இடம், கேமரா ஆகிய உள்விவரங்களையும் நீக்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் வந்திறங்கும் படத்தின் பெயரில் எட்டு இலக்கங்கள் இருக்கும். அது அந்தக் கைபேசிக்குப் படம் வந்த தேதியே தவிர எடுத்த தேதி அல்ல. பெருநாளன்று எடுத்ததை ஒரு மாதம் கழித்து அனுப்பினால், அந்த மாதத்துப் படமாகவே அது அடுக்கப்படும். ‘எச்டி’ என்று தேர்ந்தெடுத்தால் தெளிவு கூடும் என்றாலும் அதுவும் சுருக்கப்பட்ட படம்தான்.

இதற்கு வழி, படத்தை ‘டாக்குமெண்ட்’ என்ற வகையில் அனுப்புவது. அப்படி அனுப்பினால் மூலப் படம் முழு அளவில், தேதியோடு போய்ச் சேரும். இடக் குறிப்பும் சேர்ந்தே போகும் என்பதால் குடும்பத்துக்குள் மட்டும் இவ்வாறு அனுப்புங்கள். அறிமுகமில்லாதவர்கள் இருக்கும் குழுவில் வீட்டில் எடுத்த படத்தை இப்படிப் போட்டால் வீட்டு வாசல் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். எல்லாவற்றையும் அப்படி அனுப்பத் தேவையில்லை. அன்றன்றைக்குப் பார்க்க வாட்ஸ்ஆப் போதும். மச்சான் விடுப்பில் வரும்போது இருவர் கைபேசியிலும் உள்ள மூலப் படங்களை ஒரே ஹார்டு டிஸ்கில் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே தேதி இழந்த படங்களுக்கு கூகுள் போட்டோஸில் தேதியைத் திருத்திக்கொள்ளலாம். பிள்ளையின் பள்ளிச் சீருடையும் விழுந்த பல்லும் ஆண்டைச் சொல்லிவிடும்.

தனுஷ்கோடியில் பிறந்த எங்கள் ஆச்சியின் கல்யாணப் படம் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. உப்புக் காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தெடுத்து ஸ்கேன் செய்யலாமா?
— வாசகர், ராமேஸ்வரம்

பிரிக்காதீர்கள். அந்தக் காலத்துத் தாளின் மேற்பூச்சு ஜெலட்டினால் ஆனது. அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். இழுத்தால் முகம்தான் கண்ணாடியில் தங்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம் என்று யாரேனும் சொன்னாலும் வீட்டில் முயல வேண்டாம்.

பின்பலகையை மட்டும் மெல்லக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வையுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்; துப்புரவு திரவத்தைத் தெளித்தால் அது ஓரம் வழியாக உள்ளே கசியும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்தால் நான்குக்கு ஆறு அங்குலப் படம் 2400க்கு 3600 புள்ளிகளாக வரும். இரு மடங்கு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் பக்கம் வைத்துக் கைபேசியால் எடுக்கலாம். பக்கவாட்டு வெளிச்சம் இருக்கட்டும், ஃப்ளாஷ் வேண்டாம். எடுப்பவர் கறுப்புத் துணியைத் தமக்கு முன்னே பிடித்துக்கொண்டால் கண்ணாடியில் நிழல் விழாது. புதிய பிரதியைச் சட்டமிடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேன் செய்வதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பத்து வயதாக இருந்தவர்களே இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். ஊரோடு வீடுகளும் அவற்றிலிருந்த படங்களும் போயின. மிஞ்சியவை பெரும்பாலும் வெளியூர் உறவினர் வீடுகளில் இருந்தவை. ஆச்சி இருந்தால் படத்தை அவர் கையில் கொடுத்து, கைபேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, யார் யார் நிற்கிறார்கள், எங்கே எடுத்தது, படமெடுத்தவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள், தேதியைத் திருத்தாதீர்கள். அந்த ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் ஒரே பெயரிட்டு ஒரே உறையில் வையுங்கள்.

மீன் ஏலம் நடக்கும் இடத்திலும், பாசி எடுக்கப் போகும் பெண்களையும் படமெடுக்க ஆசை. கேட்டால் இயல்பு போய்விடுகிறது. கேட்காமல் எடுப்பது சரியா?
— வாசகர், மண்டபம்

கேட்டுவிட்டு எடுங்கள். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டதும் முதல் ஐந்து நிமிடம் இயல்பு போகும் என்பது உண்மைதான், ஏலம் சூடுபிடித்ததும் உங்களை எவரும் கவனிக்க மாட்டார்கள். ஈர உடையோடு கரையேறும் பெண்களை எடுக்காதீர்கள். அவர்கள் வேலை பார்க்கிறார்கள், காட்சிக்கு நிற்கவில்லை. அக்னி தீர்த்தத்தில் நீராடுபவர்களுக்கும் இது பொருந்தும். ராமேஸ்வரம் கோயிலுக்குள் எடுக்கலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

எடுத்த படத்தில் நல்லதாக ஒன்றைப் பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுங்கள். மற்றவர்களை எடுத்துக் காசாக்குகிறார்கள் என்ற சந்தேகம் கடற்கரையில் நிறைய இருக்கிறது, காரணத்தோடுதான். காகிதத்தில் தம் முகத்தைக் கையில் வாங்கியவர் அடுத்த முறை உங்களை விரட்ட மாட்டார்.

இரவில் எடுத்தால் தெருவிளக்குகள் எல்லாம் கோடு கோடாகப் பரவித் தெரிகின்றன. கைபேசி பழுதா?
— வாசகர், தொண்டி

பழுதில்லை, பிசுபிசுப்பு. கடற்காற்றின் உப்பும் விரல் எண்ணெயும் லென்ஸ் மேல் படிந்திருக்கின்றன. உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றியெடுத்த பிறகு துடையுங்கள். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் அதைத் தோல் பையில் பூட்டி வைக்கக் கூடாது, லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

கடற்படை விமானத் தளத்தின் பக்கம் போகும்போது விமானங்களைப் படமெடுக்கலாமா?
— பள்ளி மாணவர், உச்சிப்புளி

கூடாது. ‘பருந்து’ என்ற அந்தக் கடற்படைத் தளத்தின் வெளிப்புறமாக இருந்தாலும் பாதுகாப்புப் பகுதியை எடுக்க அனுமதியில்லை. கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கைபேசியிலேயே இருக்கும்போது இனி ஆல்பம் போடுவது வீண் செலவு என்கிறார் என் மகன். உங்கள் கருத்து என்ன?
— வாசகி, தேவிபட்டினம்

மகனுடைய கைபேசி கடலில் விழுந்தால் அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். ஆண்டுக்கு நாற்பது ஐம்பது படங்களைத் தேர்ந்து ஸ்டுடியோவில் பிரிண்ட் போடுவது பெரிய செலவு அல்ல. அப்படிப் போடுபவற்றில் உங்கள் ஊர்க் கடலில் இருக்கும் நவபாஷாண நவக்கிரகங்களின் முன் குடும்பமாக நின்ற படம் ஒன்று இருந்தால், சமையற்கட்டு, வாசல் திண்ணை, பக்கத்து வீட்டார், மளிகைக் கடை ஆகியவையும் இருக்கட்டும்.

பசை தடவிய பக்கங்களின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டும் பழைய வகை ஆல்பத்தை வாங்காதீர்கள். சில ஆண்டுகளில் பசை பழுத்து, படத்தை மஞ்சளாக்கி, பிரிக்கவும் விடாது. பாலிப்ரொப்பிலீன் உறைகள் உள்ளதைக் கேளுங்கள். இக்காலத் தாளின் பின்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பென்சில் பதியாது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தழும்பு விழும். ஆகவே பெயரையும் தேதியையும் தனிச் சீட்டில் எழுதிப் படத்தோடு உறைக்குள் செருகுங்கள். ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் வைக்காமல், உட்சுவர்ப் பக்கத்து மேல்தட்டில் வையுங்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் கரிஷ்மா ஆல்பத்தை (பக்கங்களிலேயே படங்களை அச்சிட்டுத் தரும் ஆல்பம்) வாங்கியதோடு நின்றுவிடாமல், ஸ்டுடியோவிடமிருந்து மூலப் படங்கள் அனைத்தையும் ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்கி, அதை வீட்டு ஹார்டு டிஸ்குக்கு மாற்றிவிட வேண்டும். ஸ்டுடியோக்காரர்கள் எல்லாவற்றையும் நெடுநாள் வைத்திருப்பதில்லை. பிரிண்டுக்குப் பளபளப்பான தாள் வேண்டாம், ஈரக் காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேட் தாளில் போடச் சொல்லுங்கள்.